சந்திர கிரகணத்தைப் படமெடுக்க: கம்பி ரிமோட்டா, கம்பியில்லா ரிமோட்டா?

சென்ற ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி, திங்கட்கிழமை. பின்னிரவு மணி 1.30. விடிந்தால் பள்ளி. ஆனாலும் எங்கள் குடியிருப்புப் பகுதித் திடலில் நானும், பள்ளி வானியல் மன்றத்து மாணவர்கள் நால்வரும், கொட்டாவி விட்டபடி அவர்களின் பெற்றோரும் நின்றுகொண்டிருந்தோம். நடுவில் முக்காலியின்மேல் மன்றத்தின் பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா. முழுச் சந்திர கிரகணம் தொடங்கிவிட்டது. நிலவு செம்பு நிறத்தில் தலைக்கு நேர்மேலே தொங்கியது. மேற்கிலிருந்து மேகக் கூட்டம் ஒன்று மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

நான் கையிலிருந்த சிறு ரிமோட்டை அழுத்தினேன். கேமரா அசையவில்லை. மீண்டும் அழுத்தினேன். ஒன்றுமில்லை. மாற்று மின்கலத்தைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை. அன்று மாலைதான் எங்கள் வீட்டு வரவேற்பறையில் வைத்துச் சோதித்திருந்தேன். அங்கே கேமராவுக்குப் பின்னால் நின்று அழுத்தினாலும் ஒழுங்காக வேலை செய்தது. இப்போது மட்டும் என்ன வந்தது?

மூன்றாம் படிவ மாணவி ஒருத்திதான் சொன்னாள்: "சார், கேமராவோட ரிமோட் கண்ணு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு. நீங்க கீழேருந்து அமுக்குறீங்க."

அவள் சொன்னது முற்றிலும் சரி. அது ஏன் சரி என்பதில் ஒரு நல்ல இயற்பியல் பாடம் இருக்கிறது. வரும் மார்ச் 3ஆம் தேதி மாலை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மற்றொரு முழுச் சந்திர கிரகணம் தெரியப்போகிறது. அதற்குள் "கம்பி ரிமோட் வாங்கலாமா, கம்பியில்லாதது வாங்கலாமா?" என்று மன்றத்து மாணவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

விரல் செய்யும் கெடுதல்

முதலில், ரிமோட் எதற்கு? கேமராவிலேயே பொத்தான் இருக்கிறதே!

பொத்தானை விரலால் அழுத்தும்போது கேமரா மிகச் சிறிதளவு சாய்கிறது. முக்காலியில் வைத்திருந்தாலும் சாயும். அந்தச் சாய்வு 0.01 பாகை மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.01 பாகை என்பது ஏறக்குறைய 0.000175 ரேடியன். லென்சின் குவியத் தூரம் 200 மில்லிமீட்டர் என்றால், உணரியின்மேல் விழும் பிம்பம் 200 × 0.000175 = 0.035 மில்லிமீட்டர் நகரும். இன்றைய கேமராக்களில் ஒரு பிக்சலின் அகலம் ஏறக்குறைய 0.004 மில்லிமீட்டர். அப்படியானால் பிம்பம் கிட்டத்தட்ட 9 பிக்சல்கள் இழுபட்டுவிடும். அதே லென்சில் முழு நிலவின் அகலமே சுமார் 440 பிக்சல்கள்தான். அதில் 9 பிக்சல் கலங்கினால் நிலவின் பள்ளங்கள் எல்லாம் மங்கலாகிவிடும்.

சாதாரண முழு நிலவை எடுக்கும்போது இது பெரிய தொல்லை இல்லை. நிலவு வெளிச்சமானது. ஷட்டர் 1/250 வினாடி திறந்தாலே போதும். அவ்வளவு குறுகிய நேரத்தில் கேமரா அதிகம் நகர்ந்துவிடாது. முழுக் கிரகணத்தின்போதோ நிலவின் வெளிச்சம் பல்லாயிரம் மடங்கு குறைந்துபோகிறது. ஷட்டரை அரை வினாடி, ஒரு வினாடி எனத் திறந்து வைக்க வேண்டியிருக்கும். விரலின் நடுக்கம் முழுவதும் படத்தில் பதிந்துவிடும்.

விரலை எடுத்துவிட்டுப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை புதிதன்று. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் முதன்முதலாக விமானத்தில் பறந்தபோது எடுக்கப்பட்ட புகழ்பெற்ற படத்தைப் பாடநூலில் பார்த்திருப்பீர்கள். ஓர்வில் விமானத்தில் படுத்திருக்கிறார். வில்பர் பக்கத்தில் ஓடிவந்து நிற்கிறார். அப்படியானால் படத்தை எடுத்தது யார்? ஜான் டேனியல்ஸ் என்ற கடலோர மீட்புப் பணியாளர். ஓர்வில் முன்கூட்டியே கேமராவை முக்காலியில் நிறுத்தி, விமானம் எழும்பப்போகும் இடத்தை நோக்கித் திருப்பி வைத்திருந்தார். கேமராவோடு இணைந்த ஒரு ரப்பர் பந்தை டேனியல்ஸ் கையில் கொடுத்து, விமானம் கிளம்பியதும் அமுக்கச் சொன்னார். பந்தை அமுக்கினால் காற்று குழாய் வழியாக ஓடி ஷட்டரைத் திறக்கும். விமானம் பறந்தது 12 வினாடிகள்தான். அவர் ஒருமுறை அமுக்கினார், வரலாறு பதிவானது.

அந்த ரப்பர் பந்தை ஆங்கிலத்தில் 'பல்ப்' என்பார்கள். உங்கள் கேமராவில் 'பி' என்ற எழுத்து இருந்தால், அதில் வைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும். அந்தப் 'பி' இந்தப் பல்பிலிருந்து வந்ததுதான். ரப்பர் பந்து போய்விட்டது. எழுத்து மட்டும் நிற்கிறது.

கம்பி ரிமோட்டுக்குள் என்ன இருக்கிறது?

மன்றத்தின் கம்பி ரிமோட்டை ஒருநாள் திருகாணி கழற்றித் திறந்து காட்டினேன். மாணவர்களுக்குச் சற்று ஏமாற்றம். உள்ளே சில்லு ஏதும் இல்லை. மின்கலம் இல்லை. மூன்று மெல்லிய உலோகத் தகடுகளும் மூன்று கம்பிகளும் மட்டுமே.

ஒரு கம்பி பொதுக் கம்பி. இன்னொன்று குவியப்படுத்துவதற்கு. மூன்றாவது ஷட்டருக்கு. பொத்தானைப் பாதி அழுத்தினால் முதல் தகடு இரண்டாவதைத் தொடும், கேமரா குவியப்படுத்தும். முழுதாக அழுத்தினால் மூன்றாவதையும் தொடும், ஷட்டர் திறக்கும். அவ்வளவுதான். முதலாம் படிவத்துப் பிள்ளை செய்யும் சுவிட்ச் சுற்றுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. மின்சாரத்தைக் கேமராவின் மின்கலமே தருகிறது. ரிமோட்டில் தீர்ந்துபோக எதுவும் கிடையாது என்பதால் மேசை அறைக்குள் இரண்டு வருடம் கிடந்தாலும் எடுத்துச் செருகியதும் வேலை செய்யும்.

பெரும்பாலானவற்றில் பொத்தானை முன்னால் தள்ளிப் பூட்டிவிடவும் முடியும். கேமராவைத் தொடர் படப்பிடிப்பு முறையில் வைத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டால், நீங்கள் தேநீர் குடிக்கப் போனாலும் அது ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்துக்கொண்டே இருக்கும். விண்மீன்களின் வளைகோட்டுப் படங்களை இப்படித்தான் எடுக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கம்பி பெரும்பாலும் ஒரு மீட்டர் நீளம்தான். அது விறைப்பாக இழுபட்டால் உங்கள் கை நடுக்கத்தையே கேமராவுக்குக் கொண்டுபோகும். பிறகு ரிமோட் எதற்கு? காற்றில் ஊசலாடினாலும் கெடுதல்தான். கம்பியைத் தளர்வாக விட்டு, முக்காலியின் காலில் ஒரு துண்டு ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகைத் துளை வைத்திருக்கிறது. ஒரே நிறுவனத்திலேயே மலிவான கேமராவுக்கு ஒன்று, விலை உயர்ந்ததற்கு வேறொன்று. பல கேமராக்களில் இருப்பது 2.5 மில்லிமீட்டர் பிளக். காதொலிக் கருவியின் 3.5 மில்லிமீட்டர் பிளக்கின் தம்பி. புதிய சிறு கேமராக்கள் சிலவற்றில் துளையே கிடையாது. கடைக்குப் போகுமுன் கேமராவின் கையேட்டைப் பாருங்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

அகச்சிவப்பு: ஒளியால் போகும் செய்தி

அன்றிரவு என்னைக் கைவிட்டது அகச்சிவப்பு ரிமோட். வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட்டின் சகோதரன். அதன் நுனியில் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு. அது வீசும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 940 நானோமீட்டர். நம் கண் சுமார் 700 நானோமீட்டருக்கு மேல் காணாது. ஆனால் உங்கள் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கேமராவை நோக்கித் தொலைக்காட்சி ரிமோட்டை அழுத்திப் பாருங்கள். பல தொலைபேசிகளில் ஊதா நிறத்தில் விளக்கு மினுக்குவது திரையில் தெரியும். ரிமோட் பழுதா, மின்கலம் தீர்ந்ததா என்று கண்டறிய இதைவிட எளிய வழி இல்லை.

அறைக்குள் வேறு விளக்குகளும் அகச்சிவப்பை வீசுகின்றனவே, கேமரா குழம்பாதா? அதற்காகத்தான் ரிமோட் தன் ஒளியை வினாடிக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் முறை அணைத்து ஏற்றுகிறது. உணரி அந்த வேகத்தில் துடிக்கும் ஒளியை மட்டுமே பொருட்படுத்தும். கேனன் ரிமோட்டின் மொழி இன்னும் அழகு. அது இரண்டு சிறு துடிப்புக் கொத்துகளை அனுப்புகிறது. இரண்டுக்கும் இடையில் சுமார் 7 மில்லிவினாடி இடைவெளி விட்டால் "உடனே எடு" என்று பொருள். 5 மில்லிவினாடி விட்டால் "இரண்டு வினாடி பொறுத்து எடு" என்று பொருள். சொல் எதுவும் இல்லை, மௌனத்தின் நீளம்தான் செய்தி.

இனி அந்தத் திடலுக்கு வருவோம். அகச்சிவப்பும் ஒளிதான். நேர்க்கோட்டில் போகும், தடையில் நிற்கும், பரப்பில் பட்டுத் தெறிக்கும். பெரும்பாலான கேமராக்களில் இதை வாங்கும் உணரி முன்பக்கம், கைப்பிடிக்கு அருகில் இருக்கிறது. குடும்பப் படம் எடுக்கும்போது நீங்கள் முன்னால் நிற்பீர்கள் என்று எண்ணி அங்கே வைத்திருக்கிறார்கள். என் வரவேற்பறையில் நான் பின்னால் நின்று அழுத்தியபோதும் அது வேலை செய்தது. ஏன்? வெள்ளைச் சுவர்களிலும் கூரையிலும் பட்டுத் தெறித்த ஒளி சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய்ச் சேர்ந்தது. நான் சோதித்தது ரிமோட்டை அன்று, என் வீட்டுச் சுவரை!

திடலில் சுவர் ஏது? அன்று பின்னிரவில் நிலவு நமக்கு ஏறக்குறைய உச்சியில் இருந்தது. கேமராவின் முகம் வானத்தைப் பார்த்தது. அதோடு உணரியும் வானத்தைப் பார்த்தது. கீழே நின்று நான் அனுப்பிய ஒளி விண்வெளிக்குத்தான் போயிருக்கும்.

அந்த மாணவியே வழியும் கண்டுபிடித்தாள். கிரகணத்தின் கட்டங்களை வரைய அவர்கள் கொண்டுவந்திருந்த வெள்ளை மணிலா அட்டையை எடுத்து, லென்சின் பார்வைக்குள் வராமல் பக்கவாட்டில், கேமராவுக்குச் சற்று மேலே சாய்த்துப் பிடித்தாள். நான் கீழிருந்து அட்டையை நோக்கி ரிமோட்டை அழுத்தினேன். 'க்ளிக்!' மேகம் மூடுவதற்குள் ஐந்து படங்கள். அதில் இரண்டு தெளிவு.

அகச்சிவப்பின் மற்றொரு எதிரி சூரியன். நடுப்பகல் வெயிலில் அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது. அந்த வெள்ளத்தில் ரிமோட்டின் மெல்லிய ஒளி தொலைந்துபோகும். பகலில் வெளியே பயன்படுத்தினால் அது எட்டும் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

வானொலி அலை: சுவரைத் தாண்டும், ஆனால்...

கம்பியில்லாதவற்றில் இரண்டாவது வகை வானொலி அலையைப் பயன்படுத்துகிறது. புளூடூத்தும் இந்த வகைதான். பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும்: வினாடிக்கு 30 கோடி மீட்டர் ÷ 240 கோடி = 0.125 மீட்டர், அதாவது 12.5 செண்டிமீட்டர். அகச்சிவப்பின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் லட்சம் மடங்குக்கும் மேல். இந்த அலை மரப்பலகை, செங்கல் சுவர், கண்ணாடி முதலியவற்றை ஓரளவு ஊடுருவும். கேமராவின் முகம் எங்கே பார்த்தாலும் கவலையில்லை.

தண்ணீர் மட்டும் இதற்கு ஆகாது. நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ரிமோட்டைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கேமராவுக்கு முதுகு காட்டி நின்றால் சைகை பலவீனமாகும். மழையில் நனைந்த அடர்ந்த செடிகளும் அப்படித்தான். வீட்டு வைஃபையும் நுண்ணலை அடுப்பும் இதே அலைவரிசைப் பக்கம்தான் இருக்கின்றன. புளூடூத் ஒரே இடத்தில் நிற்காமல் வினாடிக்குப் பலமுறை அலைவரிசை மாறி மாறித் தாவி இந்த நெரிசலைச் சமாளிக்கிறது.

புளூடூத் இல்லாத பழைய கேமராவுக்கு வானொலி ரிமோட் வாங்கினால் ஒரு வேடிக்கை உண்டு. கேமராவின் தலையில் ஒரு வாங்கிப் பெட்டியைப் பொருத்த வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கம்பி, அதே கம்பி ரிமோட் துளைக்குள் போகும்! 'கம்பியில்லா' ரிமோட்டிலும் கம்பி உண்டு. மேலும் இப்போது மின்கலம் இரண்டு இடங்களில். ஒன்று தீர்ந்தாலும் வேலை நின்றுவிடும். வானொலி ரிமோட் வாங்குகிறவர்கள் மாற்று மின்கலத்தை அன்றே வாங்கிவிட வேண்டும். பின்னிரவு ஒரு மணிக்கு எந்தக் கடையைத் தேடுவது?

"கம்பியில் போவது வேகமா, காற்றில் போவது வேகமா சார்?" என்று எப்போதும் ஒருவர் கேட்பார். ஐந்து மீட்டரைக் கடக்க ஒளிக்கும் வானொலி அலைக்கும் ஒரு வினாடியின் கோடிக்கணக்கான பங்கில் ஒன்றிரண்டு போதும். கம்பியில் போகும் மின்சைகையும் ஏறக்குறைய அதே வேகம்தான். பயண நேரத்தில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது: புளூடூத் தன் முறை வரும்வரை காத்திருந்து செய்தியை அனுப்பும் நேரம், கேமரா குவியப்படுத்தும் நேரம். எல்லாவற்றையும்விடப் பெரிய தாமதம் நீங்கள்தான். கண் பார்த்து விரல் அழுத்த மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும்.

எங்கே நிற்கப் போகிறீர்கள்?

ஆகவே எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை இல்லை. படமெடுக்கும்போது நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்று கேளுங்கள், விடை தானே வரும்.

மின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். உலகிலேயே அதிகம் மின்னல் விழும் பகுதிகளில் நாம் வாழ்கிறோம். மின்னலைக் கண்டு அழுத்துவதற்குள் அது முடிந்துபோகும். மேலே சொன்ன 0.2 வினாடிதான் காரணம். அதனால் இரவில் ஷட்டரை 10, 20 வினாடி திறந்து வைத்து, மின்னலே வந்து பதியும்வரை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். இங்கே ஒரு மீட்டர் கம்பியைப் பிடித்தபடி, உலோக முக்காலி பக்கத்தில், திறந்த வெளியில் நிற்பது உயிருக்கே ஆபத்து. இதை நான் மாணவர்களிடம் கேலியாகச் சொல்வதில்லை. இடி கேட்டால் நீங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கேமராவும் வீட்டுக்குள், மூடிய சன்னலுக்குப் பின்னால் இருக்கட்டும். உள்ளே இருந்தால் கம்பி ரிமோட்டே போதும். பூட்டிவிட்டுத் தள்ளி உட்காருங்கள். கம்பி இல்லாதது இருந்தால் வெளியே கேமராவை வைக்கலாமே என்று ஒரு மாணவன் கேட்டான். வைக்கலாம், ஆனால் மழை வந்ததும் அதை எடுக்க நீ ஓடுவாய் அல்லவா? அதுதான் எனக்குப் பயம் என்றேன்.

தேன்சிட்டு வேறு கதை. நம் அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரத்துப் பூச்சட்டிகளில்கூட அது தொங்குகூடு கட்டும். பக்கத்தில் ஆள் நின்றால் தாய்ப்பறவை கூட்டுக்கு வராது, குஞ்சு பட்டினி கிடக்கும். கேமராவைத் தள்ளியே வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுக்க வானொலி ரிமோட்தான் சரி. இதற்காகக் கூட்டருகே கேமராவைக் கொண்டுபோகலாம் என்று பொருளில்லை. கேமரா வந்தபின் பறவை கால்மணி நேரம் திரும்பி வரவில்லை என்றால் கேமராவை எடுத்துவிடுங்கள். ஜார்ஜ் ஷிராஸ் என்ற அமெரிக்கர் நூறாண்டுக்கு முன்பே காட்டு விலங்குகளின் பாதையில் கயிறு கட்டி, விலங்கு அதை இழுத்ததும் அதுவே தன்னைப் படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவருடைய படங்கள் 1906இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழில் வந்தன. அவருடைய ரிமோட்டும் கம்பி ரிமோட்தான்; அழுத்தியது மட்டும் மான்.

கேமராவே இல்லாதவர்கள் வருந்த வேண்டாம். கைத்தொலைபேசியில் கேமரா செயலியைத் திறந்து, ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல தொலைபேசிகளில் படம் எடுக்கும். கம்பியுள்ள காதொலிக் கருவியைச் செருகி அதிலுள்ள ஒலிப் பொத்தானை அழுத்தினாலும் பலவற்றில் எடுக்கும். கம்பி ரிமோட் உங்கள் பையிலேயே இருந்திருக்கிறது! இரவுச் சந்தையில் விற்கும் சிறிய புளூடூத் பொத்தானும் இதையேதான் செய்கிறது. "ஒலியைக் கூட்டு" என்று ஒரு விசைப்பலகையைப் போலத் தொலைபேசிக்குச் சொல்கிறது, அவ்வளவே.

மார்ச் 3 மாலைக்கு

இந்த முறை நிலவு உச்சியில் இருக்காது. முழுக் கிரகணம் மலேசிய நேரப்படி மாலை 7.04க்குத் தொடங்கி 8.03 வாக்கில் முடிகிறது. தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலவு எழுவதே அதற்குப் பிறகுதான். எழும்போதே சிவந்த நிலவாகக் கிழக்கு அடிவானில் எழும். அந்தி வெளிச்சம் குறையும்வரை கண்ணுக்குத் தட்டுப்படுவது கடினம், 7.45க்கு மேல் நன்றாகத் தெரியலாம். கிழக்கே மரமோ கட்டடமோ மறைக்காத இடத்தை இரண்டு நாள் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சபா, சரவாக் மாணவர்களுக்கு நம்மைவிட வசதி. அங்கே நிலவு முன்னதாகவே எழுந்து, முழுக் கிரகணத்தின்போது இன்னும் உயரத்தில் இருக்கும்.

கேமரா ஏறக்குறைய கிடைமட்டமாகக் கிழக்கைப் பார்க்கும். ஆகவே சென்ற முறை என்னை ஏமாற்றிய அகச்சிவப்பு ரிமோட் இந்த முறை வேலை செய்யும். நீங்கள் பின்னால் நிற்காமல், கேமராவின் முன்பக்கத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்றால் போதும். புதிதாக வாங்குவதாக இருந்தால் கிரகணத்துக்கு நான் கம்பி ரிமோட்டைத்தான் சொல்வேன். நீங்கள் கேமராவின் பக்கத்திலேயே நிற்கப் போகிறீர்கள். இருட்டில் தேட வேண்டாம், மின்கலம் பற்றிய பயம் வேண்டாம். எங்கள் மன்றம் செப்டம்பருக்குப் பிறகு 25 ரிங்கிட்டுக்கு ஒன்று வாங்கியது.

ரிமோட் ஏதும் இல்லை என்றாலும் கேமராவிலுள்ள சுயநேரக் கருவியை 2 வினாடிக்கு வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அந்த 2 வினாடிக்குள் நடுக்கம் அடங்கிவிடும். கிரகணத்துக்கு இதுவே பெரும்பாலும் போதும். செப்டம்பர் இரவில் இது எனக்கு நினைவுக்கே வரவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பதற்றத்தில் அறிவியல் ஆசிரியருக்கும் அறிவு வேலை செய்வதில்லை.

எந்த ரிமோட்டாலும் தீராத ஒன்றும் இருக்கிறது. பூமி சுழல்வதால் நிலவு வானத்தில் ஒவ்வொரு வினாடியும் ஒரு பாகையில் 240இல் ஒரு பங்கு நகர்கிறது. 200 மில்லிமீட்டர் லென்சில் ஒரு வினாடி ஷட்டரைத் திறந்தால் பிம்பம் ஏறக்குறைய 4 பிக்சல் இழுபடும். கேமராவை யாரும் தொடாமலே இது நடக்கும். ஆகவே ஒரு வினாடிக்கு மேல் போகாதீர்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுங்கள்.

அன்று மேகம் மூடிவிட்டால், நம் வானில் அடுத்த முழுச் சந்திர கிரகணத்துக்கு 2028ஆம் ஆண்டு டிசம்பர் 31 இரவுவரை காத்திருக்க வேண்டும். புத்தாண்டு பிறந்த சிறிது நேரத்தில் நிலவு சிவக்கத் தொடங்கும். அப்போது அது மீண்டும் உயரத்தில் இருக்கும். இப்போது முதலாம் படிவத்தில் இருப்பவர்கள் அன்று மூன்றாம் படிவத்தை முடித்திருப்பார்கள். மணிலா அட்டையைச் சுருட்டி மன்றத்து அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.